கிருபனைத் தேடிய கொம்பியூட்டர்

பிள்ளைகளே, நேற்றுப் பின்னேரம் நடந்ததை நீங்கள் இரண்டு பேரும் இதற்குள் மறந்திருப்பீர்கள். உங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அது தொண்டைக்குள் மீன்முள் மாதிரி நிற்கிறது. வாயால் சொன்னால் கவின் சிரிப்பான். அம்மா, "இந்த வயதில உங்களுக்கு இதெல்லாம் தேவையா" என்பா. அதனால் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

தர்சினி, கோட்டைப் பக்கம் திரிகிற மான்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்கென்று ஸ்லைட் ஸ்லைட்டாக ஓடுகிற ஒரு விளக்கப் படம் செய்தாய் அல்லவா? நீயே எடுத்த வீடியோ, நீயே பேசிய குரல். வீட்டில் அருமையாக ஓடியது. வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒத்திகைக்குப் போட்டபோது வீடியோ இருக்கவேண்டிய இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு சிவப்புப் புள்ளடிதான் வந்தது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். திங்கட்கிழமை அதிபருக்கு முன்னால் போட்டுக்காட்ட வேண்டும். நேற்று அந்த மடிக்கணினியோடு மேசையில் குந்தினாய். நான் கைக்கெட்டும் தூரத்தில் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளடி என்று கேட்ட உடனேயே எனக்கு நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. "பிள்ளை, அந்த வீடியோ எந்த போல்டருக்க..." என்று தொடங்கினேன்.

"பொறுங்கோ அப்பா, கிருபன் மாமா லைனில நிக்கிறார்" என்றாய்.

கனடாவில் அப்போதுதான் விடிகிற நேரம். கிருபன் போர்வைக்குள் கிடந்தபடியே, கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னான்: "பிள்ளை, வீடியோ உங்கட வீட்டுக் கொம்பியூட்டர்ல ஒரு மூலையில கிடக்கு. உம்மட படம் அந்த மூலையின்ர முழு விலாசத்தையும் எழுதி வச்சிருக்கு. பள்ளிக்கூடத்தில அந்த விலாசத்தில ஆரும் இல்லை. ரெண்டையும் ஒரே போல்டருக்க போட்டு, திரும்ப இணைச்சு, போல்டரோட தூக்கிக்கொண்டு போம். நிக்கிற இடத்தில இருந்துதான் வழி சொல்லவேணும், வீட்டில இருந்து இல்லை."

"மாமா ஒரு விண்ணன்!" என்றான் கவின். அதோடு விட்டானா? "அப்பாவக் கேட்டிருந்தா, பிளக்கைக் கழட்டித் துடைச்சுப் போட்டுப் பார் எண்டிருப்பார்."

நீ சிரித்தாய். குசினிக்குள் இருந்து அம்மா சிரித்தா. கனடாவில் இருந்து கிருபனும் சிரித்தான். நான் வள்ள எஞ்சின் உதிரிப்பாகம் விற்கிறவன்தான், ஒத்துக்கொள்கிறேன். பிளக்கைத் துடைத்தால் பல நோய் தீரும் என்பதும் உண்மைதான். ஆனாலும் எழும்பிப் போய்க் கோழிக்குத் தீன் போட்டேன். காலையில் அம்மா போட்ட தீனே அப்படியே கிடந்தது. கோழிகள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல விருப்பமில்லை.

திரும்பி வந்தபோது நீ படத்தைத் திரும்ப இணைத்துப் பென் டிரைவில் ஏற்றி முடித்து, பேச்சுக் குறிப்பை அச்செடுத்துக்கொண்டிருந்தாய். "அப்பா, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று தாள்களை என் கையில் தந்தாய். சுடச்சுடத் தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் வீட்டில் இல்லை.

உட்துறைமுக வீதியில், கடலைப் பார்த்தபடி ஒரு கொமினிகேசன் இருந்தது. போட்டோக் கொப்பி, அடையாள அட்டைப் படம், வெளிநாட்டுக்குப் பேசுகிற கண்ணாடிக் கூண்டு. கதவைத் திறந்தால் துறைமுகத்து எண்ணெய் மணம், மூடினால் சூடான கடதாசி மணம். முதலாளியைத் தங்கராசா அண்ணை என்போம். நல்ல மனுசன், ஆனால் கோபம் வந்தால் கால்குலேட்டரைத்தான் மேசையில் குத்துவார். அந்தக் கால்குலேட்டரில் ஏழாம் இலக்கம் வேலை செய்யாது.

அங்கேதான் கிருபன் இருந்தான். நானும் அவனும் ஒரே பின்னேர வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து கொம்பியூட்டர் படித்தவர்கள். இரண்டு பேரும் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவர்கள். ஆகவே அவன் படித்தவன், நான் படியாதவன் என்று ஆறுதல் சொல்லவும் எனக்கு வழி இல்லை. அவன் விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டுவான், வாசலில் போகிற ஆளுடன் கதைத்துக்கொண்டு தட்டுவான். நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் கொத்துவேன். கோழிகள் நேற்று என்னை இனத்தவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்ததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். கடையில் ஒரு சுழலும் விசிறி இருந்தது. அதன் கழுத்து இறுகிப்போய் கிருபன் பக்கமே பார்த்தபடி நின்றுவிட்டது. கடையில் ஒரு இரும்புச் சாமானுக்குக்கூட அவனைத்தான் பிடித்திருந்தது.

அவன் ஒரு புரோகிராம் எழுதினான். பெயர் 'தும்பி'. சின்னப் பிள்ளைகள் எழுத்துப் பழகுவதற்கு. அ-வை அமத்தினால் அணில் ஓடும், க-வை அமத்தினால் கப்பல் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் சொல்லும். குரல் முதலாளியின் மனைவி மலர் அக்காவுடையது. கடைக்குள்ளேயே வைத்துப் பதிந்ததால் 'நண்டு' என்று அவ சொல்லும்போது பின்னால் ஒரு ஓட்டோ கோர்ன் அடிக்கும். நண்டு என்றால் கோர்ன் அடிக்கும் என்று நம்பிய பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேரோ.

தும்பி திறக்கும்போது திரை முழுக்கப் பூ விழும். பூக்களோடு சேர்ந்து ஓரோர் எழுத்தாக விழும்: ஆக்கம், கிருபன். நான் எத்தனை தரம் அதைப் பார்த்திருப்பேன்! ஒவ்வொரு தரமும் அந்தக் கடைசி 'ன்' மெதுவாக ஆடி ஆடி இறங்கும்வரை காத்திருக்கவேண்டும். அதைத் தாண்ட வழி வைக்கவில்லை அவன்.

என் வேலை, தும்பியைச் சிடியில் எரித்து, மட்டை போட்டு, பாலர் பாடசாலைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஓடுகிறதா என்று பார்ப்பது. ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"மச்சான், என்ர பேரையும் ஒரு மூலையில போடலாம்தானே?"

"நீ சிடி எரிக்கிறனி. எரிக்கிறவன்ர பேரெல்லாம் போட்டா, சாப்பாட்டுக் கடைக்காரனும் அடுப்பு மூட்டினவன்ர பேரைப் பலகையில எழுதவேணும்."

நானும் சிரித்தேன். அவன் சொன்னால் சிரிப்பு வரும், அதுதான் அவனிடம் உள்ள கரைச்சல். வெறுக்கவும் விடமாட்டான்.

முதல் கட்டுச் சிடி, நான் கூடப் போகாமல், ஆள் மூலம் கடலுக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவில் ஒரு பாலர் பாடசாலைக்குப் போனது. ரஹீமா ரீச்சர் என்று ஒருவர் நடத்தியது. இரண்டாம் நாளே அவரிடமிருந்து கோல். பூ விழுகிறது, பெயர் விழுகிறது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அணிலும் இல்லை, கப்பலும் இல்லை, எல்லாம் சிவப்புப் புள்ளடி. குரலும் இல்லை. தங்கராசா அண்ணை கால்குலேட்டரைக் குத்தினார். கிருபன் அதே கட்டுச் சிடியில் மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்துக் கடைக் கொம்பியூட்டரில் போட்டான். அணில் ஓடியது. கப்பல் வந்தது. நண்டுக்குக் கோர்ன் அடித்தது.

"இஞ்ச ஓடுது, பாருங்கோ. அவையின்ர கொம்பியூட்டர்தான் பிழை" என்றான்.

"ஆற்ற பிழையோ எனக்குத் தெரியாது" என்றார் அண்ணை. "அந்த ரீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டு விழா வைக்கப் போறா. அங்க தும்பி ஓடவேணும். ஓடாட்டி இந்த விளையாட்டை நிப்பாட்டிப்போட்டு கொப்பி அடிச்சுக்கொண்டு இருப்பம். கொப்பி அடிக்க ஒரு ஆள் காணும், ரெண்டு பேர் தேவையில்லை."

அந்த ஒரு ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. விசிறி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். என்னைக் கடையில் எடுத்ததே தும்பிக்காகத்தான். தும்பி நின்றால் நான் வீட்டில். அப்போது உங்கள் அப்பப்பா பாரிசவாதத்தில் படுத்திருந்த காலம். ஆகவே கிருபனின் புரோகிராம் நன்றாக ஓடவேண்டும் என்று உலகத்திலேயே அதிகம் விரும்பியவன் நான்தான். அவன் பெயர் அந்தத் திரையில் அழகாக விழவேண்டும் என்று நான் சாமி கும்பிட்ட கதையை வேறு யாரிடம் சொல்வது?

பஸ்ஸில் சீனக்குடா தாண்டிப் போய், துறையில் இறங்கி, ஃபெரியில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். ஃபெரி என்றால் உங்களுக்குத் தெரியாது. ஒரு பெரிய இரும்புத் தட்டு மாதிரி, பஸ், லொறி, ஆடு, மனுசர் எல்லாரையும் சுமந்துகொண்டு ஆறுதலாகப் போகும். அது நடுவில் நிற்கும்போது ஐஸ்பழம்கூட விற்பார்கள்.

ரஹீமா ரீச்சர் மெலிந்த, வேகமான ஆள். "தம்பி, பெயர் மட்டும் நல்லா உளுகுது" என்றார், என் காயம் தெரியாமல். நான் சிடியைத் திறந்து துருவினேன். புரோகிராமை இயக்கியபோது ஒரு சின்ன அறிவித்தல் வந்தது. அதை இரண்டு தரம் வாசித்தேன். டி டிரைவுக்குள், 'கிருபன்' என்ற போல்டருக்குள், 'புதுசு' என்ற போல்டருக்குள், 'கடைசி' என்ற போல்டருக்குள், 'கடைசி இரண்டு' என்ற போல்டருக்குள் இருக்கவேண்டிய அணிலைக் காணவில்லை என்று இருந்தது.

விளங்குகிறதா? அவன் தன் போல்டரின் முழு விலாசத்தையும் புரோகிராமுக்குள் எழுதி வைத்திருந்தான். படங்களைச் சிடியில் நாங்கள் போடவே இல்லை. ஆனால் கடையில் எத்தனை தரம் பரிசோதித்தாலும் ஓடும். சிடியில் இருந்து தொடங்குகிற தும்பி, ஓசைப்படாமல் கடையின் டி டிரைவுக்குப் போய் அங்கே கிடந்த அணிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். நாங்கள் சிடியைப் பரிசோதிக்கிறோம் என்று நினைத்து, எங்கள் கடையையே பரிசோதித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஃபெரி ஏறி, அவனை ஒருநாளும் கண்டிராத ஊரில், ஒரு பாலர் பாடசாலைக் கொம்பியூட்டரும் கிருபன் எங்கே, கிருபன் எங்கே என்றுதான் தேடிக்கொண்டிருந்தது.

கடைக்குத் திரும்பிச் சொன்னேன். கிருபன் தலையில் அடித்துக்கொண்டான். "அட, அவ்வளவுதானே!" என்று, ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் மாற்றிவிட்டான். அது எனக்கு இன்னும் எரிச்சல். இப்போது டி டிரைவும் இல்லை, கிருபனும் இல்லை. 'படம் என்ற போல்டருக்குள் அணில்' என்று மட்டும்தான் உள்ளே எழுதியிருந்தது. எந்த வீட்டுப் படம் போல்டர் என்ற பேச்சே இல்லை. நான் எல்லாவற்றையும் சேர்த்துச் சிடியில் போட்டேன். கண்டபடி பரவிக் கிடக்காமல் 'தும்பி' என்று ஒரு போல்டர் செய்து, புரோகிராம், படம், குரல் எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கினேன். சின்னப் பிள்ளைகள் தேடிக் கஷ்டப்படக்கூடாது என்று, சிடியைப் போட்டவுடன் தும்பி தானாகவே தொடங்குகிற மாதிரியும் ஒன்று செய்தேன். அந்த அலங்காரம் முழுக்க என்னுடையது. பெருமையாக இருந்தது. கடையில் போல்டரைத் திறந்து அமத்திப் பார்த்தோம், ஓடியது. தானாகத் தொடங்குகிற வசதியை வைரஸ் பயத்தில் தங்கராசா அண்ணை கடைக் கொம்பியூட்டரில் நிறுத்தி வைத்திருந்தார். அதனால் அதை மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை கிருபன் வெளிநாட்டு அலுவலாகக் கொழும்புக்குப் போனான். போன அன்றே ரீச்சரின் கோல். "தம்பி, திரும்பவும் புள்ளடி. நாளைக்கு விழா."

கிருபனின் போன் வேலை செய்யவில்லை. புரோகிராமுக்குள் கை வைக்க அவனால் மட்டும்தான் முடியும். அதன் மூல ஃபைலுக்கு அவன் பூட்டுச் சொல் போட்டிருந்தான். தங்கராசா அண்ணை கால்குலேட்டரைக் குத்தவில்லை. சும்மா என்னைப் பார்த்தார். அது இன்னும் மோசம்.

மழைக்குக் கூரை ஒழுகியதால் ரீச்சர் கொம்பியூட்டரையும் பிள்ளைகளையும் வேறொரு மண்டபத்துக்கு மாற்றியிருந்தார். போனில் வழி சொன்னார். கிண்ணியாவில் அப்போது யாரும் வழி சொன்னால் ஃபெரியில் இருந்துதான் சொல்வார்கள். "ஃபெரியால எறங்கி, கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நில்லுங்க. அப்பிடியே வலப்பக்கம். ரெண்டாவது ஒழுங்கை, முனையில மாமரம் நிக்கும். உள்ளுக்கு வாங்க."

அன்று ஃபெரி பழுது. சாமான் ஏற்றுகிற ஒரு வள்ளத்தில் ஏறினேன். வள்ளக்காரன் தனக்கு வசதியான ஒரு கரையில் இறக்கிவிட்டான். நான் கடலுக்கு முதுகைக் காட்டினேன். வலப்பக்கம் திரும்பினேன். இரண்டாவது ஒழுங்கை வந்தது. முனையில் மாமரமும் நின்றது! கிண்ணியாவில் எந்த ஒழுங்கை முனையில்தான் மாமரம் இல்லை? நம்பி உள்ளே போனால் ஒரு வீட்டுக் கிணற்றடி. தலையெல்லாம் சவர்க்கார நுரையோடு ஓர் ஆள் குளித்துக்கொண்டு நின்றார்.

"ஆரது?" என்றார், கண்ணைத் திறக்க முடியாமல்.

"பாலர் பாடசாலைக்கு வந்தனான்."

"இது எங்கட ஊட்டுக் கிணறு. ரீச்சர் என்ன வழி சொன்ன?"

சொன்னேன். நுரைக்குள் இருந்து கொஞ்சம் யோசித்தார். "அவ சொன்னதும் சரி, நீங்க நடந்ததும் சரி. எங்க எறங்கின நீங்க?"

"வள்ளத்தில வந்தனான். அங்கால, பலகை விக்கிற மரக்காலைக்குப் பக்கத்தில."

அவர் சிரித்த சிரிப்பில் நுரை என் சேட்டில் தெறித்தது. "அப்ப எப்பிடி வாறது? மொதல்ல ஃபெரிக்குப் போங்க. போய் அங்க நிண்டுகிட்டு, பொறகு ரீச்சர்ர வழியில வாங்க. இல்லாட்டி ஊரில உள்ள கிணறெல்லாம் பாப்பீங்க."

ஃபெரித் துறைக்குத் திரும்பி நடந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பிள்ளைகளே, நான் என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான், ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 'படம் போல்டருக்குள் அணில்' என்று எழுதினால், கொம்பியூட்டர் அந்த வழியை எங்கே நின்று தொடங்கும்? புரோகிராம் இருக்கிற இடத்தில் நின்று என்று நாங்கள் நினைத்திருந்தோம். இல்லை. யார் அதைக் கூப்பிட்டார்களோ, அவர்கள் எங்கே நின்று கூப்பிட்டார்களோ, அங்கே நின்று தொடங்கும். கடையில் போல்டருக்குள் போய் நின்று கூப்பிட்டோம், சரியாக வந்தது. ரீச்சரின் கொம்பியூட்டரில் சிடி தானாகத் தொடங்கும்போது வாசலில் நின்று கூப்பிடுகிறது. வாசலில் படம் போல்டர் இல்லை, அது உள் அறையில் இருக்கிறது. வழி சரி. இறங்கின இடம் பிழை.

மண்டபத்தில் ரீச்சர் என்னைக் கண்டதும், "என்ன தம்பி, குளிச்சிட்டா வாறீங்க?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை. சிடியில் உள்ளதை அவருடைய கொம்பியூட்டரில் இறக்கி, புரோகிராமுக்குப் பக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு ஃபைல் எழுதி வைத்தேன். இரண்டே வரி. முதல் வரி: நீ இருக்கிற போல்டருக்குள் முதலில் போய் நில். இரண்டாம் வரி: இப்போது தும்பியைக் கூப்பிடு. வெளியில் இருந்து யார் எங்கே நின்று கூப்பிட்டாலும் இனி இந்த ஃபைலைத்தான் கூப்பிட வேண்டும். கிருபனின் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. தொடவும் எனக்குத் தெரியாது.

வெளியே நின்று கூப்பிட்டேன். திரையில் ஒரு கறுப்புச் சன்னல் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைந்தது. பிறகு பூ விழுந்தது. பெயர் விழுந்தது. அணில் ஓடியது.

அன்று பின்னேரம் கடைக்குத் திரும்பி, அந்த ஃபைலையும் சேர்த்துப் புதிதாக ஒரு சிடி எரித்து, அதோடு எங்கள் ஊரெல்லாம் அலைந்தேன். எங்கள் கடையில் போடவே இல்லை. போட்டோ ஸ்டூடியோவில், மருந்துக் கடையில், எங்களுக்குப் போட்டியாக இருந்த மற்றக் கொமினிகேசனில்கூடக் கெஞ்சிப் போட்டுப் பார்த்தேன். "உங்கட கடையில கொம்பியூட்டர் இல்லையோ?" என்று நக்கலடித்தார்கள். கிருபன் இப்படி ஒருநாளும் செய்திருக்கமாட்டான். அவனுக்குத் தன் கொம்பியூட்டரில் ஓடினால் உலகம் முழுக்க ஓடிய மாதிரி.

விழாவுக்குப் பெற்றோர் நிறைய வந்திருந்தார்கள். ரீச்சர் சிடியைப் போட்டார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கறுப்புச் சன்னல் மின்னி மறைந்தது. பூ விழத் தொடங்கியதும் சனம் கைதட்டியது. கிருபன் என்ற பெயர் ஆடி ஆடி இறங்கியது, இன்னும் கைதட்டினார்கள். நண்டுக்குக் கோர்ன் அடித்தபோது மண்டபமே சிரித்தது. என் வேலை தப்பியது. அதே நேரம் நெஞ்சுக்குள் ஏதோ கடித்துக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் ரீச்சர் வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார். "அந்தக் கிருபன் தம்பிக்கு எங்கட சலாத்தச் சொல்லுங்க. என்ன மூளை! சரி, தம்பி, ஒரு கேள்வி. தொடக்கத்தில கறுப்பா ஒண்டு வந்து போகுதே, அசிங்கமா இருக்கு. அத எடுக்க ஏலாதா?"

"ஏலாது ரீச்சர்" என்றேன். வட்டிலப்பம் வாயில் இருந்தபடியால் குரல் சரியாக வரவில்லை. "அது இல்லாட்டி ஓடாது."

கிருபன் கொழும்பில் இருந்து வந்ததும் சலாத்தைச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான், ஓடும் எண்டு" என்றான். என் ஃபைலைத் திறந்து பார்த்தான். "இவ்வளவும்தானா?"

"ஓம். நிக்கிற இடத்தில இருந்துதான் வழி சொல்லவேணும் மச்சான், வீட்டில இருந்து இல்லை."

அவன் அந்த இரண்டு வரியையும் மறுபடி வாசித்தான். "நல்லாயிருக்கு" என்றான். அவன் வாயில் இருந்து எனக்கு வந்த ஒரே 'நல்லாயிருக்கு' அது. நான் அதை இன்னும் வைத்திருக்கிறேன். நேற்று அவன் உங்களுக்குக் கடைசியாகச் சொன்னதும் நான் அன்று அவனுக்குச் சொன்ன அந்த 'நிக்கிற இடம்' வசனம்தான். அவன் வேண்டுமென்று எடுத்ததாக நான் நினைக்கவில்லை. இத்தனை வருசம் குளிருக்குள் வைத்திருந்து, தன்னுடையதென்றே நம்பிவிட்டான். நீங்கள் அவனை விண்ணன் என்றீர்கள். அவன் நல்லவன், உங்கள் பிறந்தநாள்களை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறான். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

பிறகு அவன் கனடா போனான். தும்பி இன்னும் கொஞ்சக் காலம் தோப்பூர், கப்பல்துறை என்று போனது, என் இரண்டு வரியோடு. அதற்குப் பிறகு சிடி கேட்பாரில்லை. தங்கராசா அண்ணை கடையைக் கொடுத்துவிட்டு மகளிடம் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் போன் உறையும் கண்ணாடியும் விற்கிறார்கள். கண்ணாடிக் கூண்டு இருந்த மூலையில் ஒரு குளிர்பானப் பெட்டி நிற்கிறது. ஃபெரி இல்லை. பாலத்தால் கிண்ணியாவுக்குப் பஸ் நிற்காமல் போகிறது, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க ஒருவருக்கும் தேவை இல்லை. துறையடியில் இருந்து வழி சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு எந்தத் துறை என்றே தெரியாது. உன் மடிக்கணினியில் சிடி போட ஒரு வாய் இல்லை, தர்சினி, நான் பார்த்தேன். போன மாதம் எஞ்சின் சாமான் கொடுக்கத் தோப்பூருக்குப் போனபோது ஒரு கத்தரித் தோட்டத்தில் குருவி விரட்டப் பழைய சிடிகளைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். மட்டை போய், தும்பியின் படமும் கிருபனின் பெயரும் பாதி அழிந்து இருந்தன. விட்டுவிட்டேன். அது சுற்றி வெயிலில் மின்னியது. குருவிகள் பயப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் இரண்டு பேரும் ரியூசனுக்குப் போனீர்கள், அம்மா கோயிலுக்குப் போனா. தர்சினி, உன் பையைத் திறந்து பென் டிரைவை எடுத்தேன். எங்கள் எஞ்சின் கடை இன்று பூட்டியிருக்கும், பூட்டின் திறப்பு என்னிடம் இருக்கிறது. உள்ளே போய், பில் அடிக்கிற அந்தக் கிழட்டுக் கொம்பியூட்டரைத் தட்டி எழுப்பினேன். அது உன் மடிக்கணினியைக் கண்டதில்லை, கனடாவையும் கேட்டதில்லை. புள்ளடி வந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால், வந்தால் நல்லது என்றும் ஒரு பக்கத்தில் இருந்தது.

ஓடியது. திணறித் திணறி, ஆனால் முழுவதும் ஓடியது. மான்கள் வந்தன, உன் குரல் வந்தது. குப்பைக்குள் பொலித்தீன் பையைச் சப்புகிற அந்தக் குட்டி மானைப் பற்றி நீ சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைகிறதே, அதை நான் வீட்டில் கவனிக்கவில்லை. முடிந்ததும் மறுபடியும் முதலில் இருந்து போட்டுப் பார்த்தேன். பிறகு பென் டிரைவைக் கழற்றினேன். என் விரலில் இருந்த கிரீஸ் அதில் பட்டிருந்தது. சேட்டின் நுனியால் நன்றாகத் துடைத்து, வீட்டுக்கு வந்து, உன் பையில் எடுத்த இடத்திலேயே வைத்து மூடினேன்.